'பிரேக் டவுன்' என்று மெயில் போட்டேன், வண்டியையே பிளாக் பண்ணிவிட்டார்கள்

ஜீரோகேட் குமார்

தண்டையார்பேட்டையில் ஒரு டிரெய்லர் ஆபீஸில் வேலை செய்கிறேன். டிரைவர் அட்வான்ஸ், டீசல் கணக்கு, கேட் பாஸ், பார்ட்டிக்கு மெயில் எல்லாம் என் தலையில்தான். போன வாரம் எக்ஸ்போர்ட் கண்டெய்னர் ஏற்றிய வண்டி ஒன்று எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில், ஹார்பரின் ஜீரோ கேட் வரிசையில் நிற்கும்போது ராத்திரி இரண்டு மணிக்கு மக்கர் பண்ணிவிட்டது. பின்னால் இருந்த வண்டிக்காரர்கள் எல்லாம் ஹாரன் அடித்தே எங்கள் டிரைவரின் காதைப் பஞ்சராக்கிவிட்டார்கள். கண்டெய்னர் நேரத்துக்கு உள்ளே போகவில்லை, கப்பலை விட்டுவிட்டோம்.

காலையில் பார்ட்டி காரணம் கேட்டார்கள். தூக்கக் கலக்கத்தில் 'வெஹிகிள் பிரேக் டவுன்' என்று ஒரே வரி தட்டி அனுப்பினேன். பிரேக்குக்கு நான் போட்ட எழுத்துகள்: பி, ஆர், ஏ, கே, ஈ.

ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. பிரேக் பிடிக்காத வண்டியில் எங்கள் சரக்கை ஏற்றினீர்களா, எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று) காப்பி அனுப்புங்கள், பிரேக் டெஸ்ட் ரிப்போர்ட் அனுப்புங்கள், அதுவரை இந்த நம்பர் வண்டி எங்கள் யார்டுக்குள் வரக்கூடாது. மூன்று நாளாக வண்டி ஷெட்டில் நிற்கிறது. முதலாளி என்னைப் பார்க்கிற பார்வையே சரியில்லை.

கம்ப்யூட்டர் ஒரு சிவப்புக் கோடாவது போட்டிருக்கலாம். போடவில்லை. அந்த எழுத்தும் சரியான ஒரு வார்த்தைதானாம். காதில் கேட்டால் இரண்டும் பிரேக், தமிழில் எழுதினாலும் இரண்டும் பிரேக். இதை எப்படித்தான் பிரித்து வைத்துக்கொள்வது? பரீட்சைக்குக் கேட்கவில்லை, பிழைப்புக்குக் கேட்கிறேன்.

ராயபுரம் டீச்சர்

குமார் தம்பி, முதலில் ஒரு ஆறுதல். உச்சரிப்பில் இரண்டுக்கும் ஒரு துளி வித்தியாசம் கிடையாது. பிறந்ததிலிருந்து ஆங்கிலம் பேசுகிறவர்களும் இதை மாற்றி எழுதுகிறார்கள்.

ஏ-கே-ஈ என்று முடிகிற பிரேக், வேகத்தைக் குறைக்கிற, நிறுத்துகிற சாமான். நடுவில் ஈ-ஏ வருகிற பிரேக், உடைவது, முறிவது, அறுவது, ஒரு ஓட்டத்தின் நடுவில் விழுகிற இடைவெளி. டீ பிரேக், எலும்பு பிரேக், வண்டி பிரேக் டவுன், காதலில் பிரேக் அப் எல்லாம் இந்த வகை. என் டியூஷன் பிள்ளைகளுக்கு முதலாவதைப் 'பிடி பிரேக்' என்றும் இரண்டாவதை 'முறி பிரேக்' என்றும் பேர் வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். அதையே இங்கேயும் வைத்துக்கொள்ளலாம்.

ஸ்பெல்லிங்கை விட இறந்தகாலத்தில்தான் மானம் போகும். முறி பிரேக் 'புரோக்' ஆகும், 'புரோக்கன்' ஆகும். பிடி பிரேக் சாதுவாக 'பிரேக்டு' என்று முடிந்துவிடும். டிரைவர் சடன் பிரேக் போட்டார் என்பதற்கு 'புரோக்' என்று எழுதிய பையன் உண்டு. அவன் கணக்கில் டிரைவர் பஸ்ஸை உடைத்திருக்கிறார்.

பட்டறை பாலு

டீச்சர், எங்களுக்கு ஸ்பெல்லிங் எல்லாம் வராது. இருபது வருஷமாக வியாசர்பாடியில் பிரேக் வேலை பார்க்கிறேன், பில் புக்கில் எந்த ஸ்பெல்லிங் அச்சாகியிருக்கிறது என்று இப்போதுதான் போய்ப் பார்த்தேன். தப்பாகத்தான் இருக்கிறது. முறி பிரேக். 'பிரேக் ஸ்பெஷலிஸ்ட்' என்று போர்டு வைத்து, உடைப்பதில் கெட்டிக்காரன் என்று விளம்பரம் பண்ணியிருக்கிறேன்.

ஆனால் நம் வாய்க்கு இந்த வித்தியாசம் எப்போதோ தெரியும். வண்டி பிரேக்கை என்ன செய்கிறோம்? அடிக்கிறோம், போடுகிறோம், பிடிக்கிறோம், பிடிக்கவில்லை என்று திட்டுகிறோம். மற்ற பிரேக்கை? எடுக்கிறோம், விடுகிறோம். அல்லது அதுவாக ஆகிறது. டீ பிரேக்கை யாராவது அடிப்பார்களா? லைனிங் தேய்ந்தால் 'பிரேக் எடுக்கவில்லை' என்று யாராவது சொல்வார்களா? பின்னால் வருகிற வினையைப் பார், ஸ்பெல்லிங் வந்துவிடும்.

ராயபுரம் டீச்சர்

பாலு, இதை நான் பாடமாகவே எடுத்துக்கொள்கிறேன்.

காரம் கணேஷ்

பாலு அண்ணே, ஒரு நிமிஷம். எங்கள் காரம் கிளப்பில் தினமும் பிரேக் 'அடிக்கிறோம்'. முதல் ஸ்ட்ரைக்கரில் நடுவில் வட்டமாக அடுக்கிய காயைக் கலைப்பதுதான் பிரேக். 'யாருப்பா பிரேக், அடி' என்போம். உங்கள் கணக்குப்படி பார்த்தால் அது பிடி பிரேக். ஆனால் ரூல் புத்தகத்தில் ஈ-ஏ. அடுக்கு உடைகிறது, அதனால் முறி பிரேக்.

பிரேக் கையில் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லவே வேண்டாம். பிரேக் அடிக்கிறவனுக்கு வெள்ளைக் காய். கை நின்றால் அதே கையில் ஒன்பது வெள்ளையும் சிவப்பும் உள்ளே போகும், எதிராளி ஸ்ட்ரைக்கரைத் தொடாமல் பார்த்துக்கொண்டே உட்கார வேண்டியதுதான். அதற்குப் பேர் ஒயிட் ஸ்லாம். புதுவண்ணாரப்பேட்டைப் பொண்ணு காசிமா 2024ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கி வந்த பிறகு எங்கள் தெருவில் பவுடர் டப்பா விற்பனையே தனி. ஆக, 'அடி' என்றால் வண்டி பிரேக் என்ற சூத்திரம் காரம் போர்டில் செல்லாது.

பட்டறை பாலு

சரி, காரம் போர்டுக்கு மட்டும் விலக்கு.

ரிங்கோரம்

விலக்குப் பட்டியலில் பாக்சிங்கையும் சேருங்கள். சின்ன வயதில் இந்த வார்த்தையால் மூக்கில் வாங்கியவன் நான்.

குத்துச்சண்டையில் ரெஃப்ரீ வாயில் முக்கியமாக மூன்று வார்த்தைதான் வரும். 'பாக்ஸ்' என்றால் ஆடு. 'ஸ்டாப்' என்றால் நிறுத்து. இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கும்போது சொல்வது 'பிரேக்'. ஒட்டியதைப் பிரித்துக்கொண்டு ஆளுக்கு ஓரடி பின்னால் போ, அப்புறம் ஆட்டத்தைத் தொடர் என்று அர்த்தம். சண்டை நிற்கவில்லை, பிடிதான் முறிகிறது.

எனக்கு அப்போது பிரேக் என்றால் என் அப்பாவின் மீன்பாடி வண்டியில் இருக்கிற பிரேக் மட்டும்தான். ரெஃப்ரீ 'பிரேக்' என்றதும் வண்டியை நிறுத்துகிற மாதிரி நின்றேன். ஓரடி பின்னால் போனேனா என்றால் அதுவும் இல்லை, இரண்டு கையையும் கீழே இறக்கிவிட்டு ரெஃப்ரீ முகத்தைப் பார்த்தேன். எதிரில் நின்றவன் ஒழுங்காக ஓரடி போய்விட்டு ஒழுங்காகத் திரும்பி வந்தான். எனக்கு ஞாபகம் இருப்பது அதற்கப்புறம் மேலே தெரிந்த லைட்டு. கோச் தண்ணீர் தெளித்துக்கொண்டே கேட்டார்: "ஏன்டா நின்னே?" "பிரேக் போடச் சொன்னார் சார்" என்றேன். இன்றைக்கும் என்னைப் பார்த்தால் 'பிரேக் சார்' என்றுதான் கூப்பிடுகிறார்.

எண்ணூர் சின்னு

குமாருக்காவது வண்டிதான் நின்றது, உங்களுக்கு மூச்சே நின்றிருக்கும்.

ஜீரோகேட் குமார்

சிரித்தது போதும், சந்தேகத்துக்கு வருகிறேன். ஹார்பரில் தினமும் எழுதுகிற 'பிரேக் பல்க்' எது? கிரேனில் தூக்கி, நிறுத்தி நிறுத்தி இறக்குவதால் பிடி பிரேக் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பழைய டாலி கிளர்க்

அது முறி பிரேக், தம்பி. கப்பலில் மொத்தமாக வந்த சரக்கை உடைத்து, மூட்டை மூட்டையாக, உருப்படி உருப்படியாக இறக்குவது. இரும்புச் சுருள், மரத்தடி, மெஷின் பெட்டி எல்லாம் அந்தக் கணக்கு. 1983ல் இங்கே கண்டெய்னர் டெர்மினல் வருவதற்கு முன்னால் துறைமுகம் முழுக்க அந்த வேலைதான். மூட்டைக்கு ஒரு கோடு போட்டு எண்ணிய விரல் இது. இப்போது பெட்டியைத் திறக்காமலேயே போய்விடுகிறது, எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை.

காசிமேட்டுக் கரை

அப்போது பிரேக் வாட்டர்? அலையைத் தடுத்து நிறுத்துகிற கல்சுவர். நிறுத்துவதென்றால் பிடி பிரேக்தானே?

ராயபுரம் டீச்சர்

அதுவும் முறி. அலை அந்தக் கல்லில் வந்து உடைகிறது. கடல்காரர்கள் அலை 'உடைகிறது' என்றுதான் சொல்வார்கள், நீங்களும் அப்படித்தானே சொல்கிறீர்கள்?

காசிமேட்டுக் கரை

சொல்வோம். ஆனாலும் மனசு ஒப்பவில்லை டீச்சர், அதனால் கொஞ்சம் நீட்டமாகவே சொல்லிவிடுகிறேன்.

அலை உடைவது கண்ணுக்குத் தெரிகிற கதை. நம் கரையில் வருஷம் பூராவும் கணக்குப் போட்டால் மணல் தெற்கிலிருந்து வடக்கே போகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்சுவரை நீட்டினார்கள். 1881 புயல் வந்து அதில் பெரும் பகுதியைத் தூக்கிப் போட்டுவிட்டது, மறுபடி கட்டினார்கள். சுவர் நின்றது, மணலும் நின்றது. தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து மெரினா அகலமானது. வடக்கே வரவேண்டிய மணல் வரவில்லை. ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர், எண்ணூர் வரைக்கும் கடல் ஊரைத் தின்ன ஆரம்பித்தது. எங்கள் பாட்டி வீட்டு வாசலில் வலை காயப்போட்ட இடம் என்று கை காட்டுகிற இடத்தில் இன்றைக்கு அலை அடிக்கிறது. அதற்காகக் கருங்கல்லைக் கொட்டினார்கள், அப்புறம் கடலுக்குள் கல்லை நீட்டித் தூண்டில் வளைவு போட்டார்கள். போட்ட இடத்தில் மணல் சேர்ந்தது, அதற்கு வடக்கே இருக்கிறவன் இப்போது கத்துகிறான்.

அதனால் என் தீர்ப்பு: அலைக்கு அது முறி பிரேக், மணலுக்குப் பிடி பிரேக். ஸ்பெல்லிங் போட்டவன் அலையை மட்டும் பார்த்திருக்கிறான்.

எண்ணூர் சின்னு

வடக்கே கத்துகிறவன் நான்தான். தீர்ப்பை ஒப்புக்கொள்கிறேன்.

அகராதிப் பித்தன்

ராத்திரி முழுக்க இதிலேயே உட்கார்ந்திருந்தேன். வேர் தேடினால் இன்னும் சுவாரசியம். முறி பிரேக் பழைய ஆங்கிலத்திலேயே இருக்கிறது. பிடி பிரேக் அப்புறம் வந்தது, அதற்கு முதலில் வண்டியோடு சம்பந்தமே இல்லை. ஆளிச் செடியின் தண்டை நசுக்கி நார் பிரிக்கிற ஒரு கருவிக்கு அந்தப் பெயர் இருந்தது. நசுக்குவது, உடைப்பது என்று பார்த்தால் இரண்டு பிரேக்கும் தூரத்துச் சொந்தம் என்றுகூடச் சொல்லலாம். சக்கரத்தைத் தடுக்கிற அர்த்தம் பதினெட்டாம் நூற்றாண்டில்தான் ஒட்டிக்கொண்டது.

குமாருக்குப் பிடித்த செய்தி ஒன்று: பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் ரயில்வேக்காரர்களே வண்டி பிரேக்கை ஈ-ஏ போட்டு எழுதியிருக்கிறார்கள். ரயிலின் கடைசியில் கார்டு இருக்கிற பிரேக் வேனுக்கும் அதே எழுத்து. பட்டறை பாலு அண்ணனின் பில் புக் அந்தக் காலத்தில் சரியாக இருந்திருக்கும்.

பட்டறை பாலு

அப்படியென்றால் பில் புக்கை மாற்ற வேண்டியதில்லை. பழமை என்று சொல்லிவிடுகிறேன்.

ராயபுரம் டீச்சர்

எதிர்ப்பக்கமும் உண்டு. 1611ல் வந்த ஆங்கில பைபிளில் அப்பத்தை 'பிட்டு'க் கொடுக்கிற இடத்தில் பிரேக் என்று இருக்கும், எழுத்து ஏ-கே-ஈ. அந்தக் காலத்தில் முறி பிரேக்கின் இறந்தகாலம் அது, பிற்பாடுதான் புரோக் ஆனது. சின்ன வயதில் கோயிலில் அதை வாசித்துவிட்டு, அச்சுப்பிழை என்று நினைத்துப் பென்சிலால் திருத்தி, அம்மாவிடம் அடி வாங்கியிருக்கிறேன்.

கடைசிப் பெட்டி

வணக்கம். முப்பத்து நான்கு வருஷம் ரயிலில் கார்டாக இருந்து ரிடையர் ஆனவன், வீடு பெரம்பூரில். 2022ல் கார்டு என்ற பெயரை 'டிரெயின் மேனேஜர்' என்று மாற்றிவிட்டார்கள். எனக்கு அந்த யோகம் இல்லை. பிரேக் வேனில் வாழ்ந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும்.

1856ல் நம் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு முதல் ரயில் ஓடியபோது, வண்டி முழுக்க ஒரே பிரேக் என்ற ஏற்பாடு உலகத்திலேயே சரிவர வரவில்லை. கையால் திருகுகிற பிரேக்தான். அதற்கப்புறம் அமெரிக்காவில் வெஸ்டிங்ஹவுஸ் என்பவர் 1869ல் ஏர் பிரேக்குக்குப் பேட்டன்ட் வாங்கினார். இஞ்சினிலிருந்து குழாய் வழியாகக் காற்று அனுப்பினால் எல்லாப் பெட்டியிலும் பிரேக் பிடிக்கும். கேட்க நன்றாக இருக்கிறதா? வண்டி நடுவில் அறுந்தால் என்ன ஆகும்? குழாய் அறும், காற்று போய்விடும், பிரேக்கும் போய்விடும். எப்போது பிரேக் ரொம்பத் தேவையோ அப்போது இருக்காது.

இரண்டு, மூன்று வருஷத்தில் அவரே அதைத் தலைகீழாகப் போட்டார். காற்று நிறைந்திருக்கிற வரைக்கும் பிரேக் விட்டுக்கொண்டிருக்கும், காற்று இறங்கினால் பிடித்துக்கொள்ளும். இன்றைக்கும் அதே தத்துவம்தான். என் பிரேக் வேனில் குழாயின் காற்றழுத்தம் காட்டுகிற ஒரு கேஜ் இருக்கும், முள் 5 கிலோவை ஒட்டி நிற்க வேண்டும். கிளம்புவதற்கு முன்னால் லோகோ பைலட் அந்தப் பக்கம் பார்ப்பார், நான் இந்தப் பக்கம் பார்ப்பேன். ஒரு தடவை கூட்ஸ் வண்டியில், தண்டையார்பேட்டை யார்டை விட்டுக் கொஞ்ச தூரம் போயிருப்போம். முள் சட்டென்று கீழே விழுந்தது. சத்தம் வருவதற்கு முன்னால் முள் சொல்லிவிட்டது. நடுவில் கப்ளிங் விட்டு, ஹோஸ் பிய்ந்து, வண்டி இரண்டாகிவிட்டது. இரண்டு துண்டும் தானாகவே பிரேக் பிடித்து நின்றது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. விளக்கை எடுத்துக்கொண்டு நடந்தே போய்ப் பார்த்தேன், ஹோஸ் முனை இன்னும் புஸ் என்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

டீச்சர் பாஷையில் சொன்னால், முறி வந்தால் பிடி வரவேண்டும் என்றுதான் அந்த அமைப்பையே கட்டியிருக்கிறார்கள். ஸ்பெல்லிங் விஷயத்தில் மட்டும் நான் உத்தமன் இல்லை. மெமோ எழுதும்போது நானும் மாற்றிப் போட்டிருக்கிறேன், படித்தவர்களும் கண்டுகொள்ளவில்லை.

பட்டறை பாலு

ஐயா சொன்னது டிரெய்லருக்கும் அப்படியே பொருந்தும். ஹார்ஸிலிருந்து, அதாவது இழுக்கிற முன்வண்டியிலிருந்து, டிரெய்லருக்குக் காற்று கொண்டுபோகிற எமர்ஜென்சி லைன் ஹோஸ் பிய்ந்தால் டிரெய்லர் சக்கரம் ஜாம் ஆகிவிடும். வண்டி தெரியாதவன்தான் ஏர் போனால் பிரேக் பிடிக்காது என்று நினைப்பான்.

குமாரு, இவ்வளவு பேசினோமே, உன் வண்டிக்கு அன்றைக்கு என்னதான் ஆச்சு? அதை நீ சொல்லவே இல்லையே.

ஜீரோகேட் குமார்

எனக்கே தெரியாது அண்ணே. டிரைவர் ராத்திரி போனில் 'வண்டி பிரேக் டவுன்' என்றார், நான் அதையே எழுதினேன். மெக்கானிக் பில் முதலாளியிடம் இருக்கிறது. கேட்டுச் சொல்கிறேன்.

அகராதிப் பித்தன்

குமார் வருவதற்குள் ஒன்று. ஆர்டிஓ ஆபீஸில் மோட்டார் வாகன ஆய்வாளரை ஊரே 'பிரேக் இன்ஸ்பெக்டர்' என்கிறதே, அது எந்த பிரேக்?

எண்ணூர் சின்னு

எட்டுப் போடும்போது என்னைப் பார்த்த பார்வைக்கு முறி பிரேக். மனசே உடைந்துவிட்டது.

ஜீரோகேட் குமார்

பில் பார்த்தேன். டிரைவரையும் கேட்டேன். யாரும் சிரிக்கக் கூடாது.

எமர்ஜென்சி லைன் ஹோஸ் வெடித்திருக்கிறது. டிரெய்லர் சக்கரம் மொத்தமும் ஜாம். பாலு அண்ணன் சொன்னது எழுத்துக்கு எழுத்து அதுதான். வண்டியை நிறுத்தியதே பிரேக்தான். அதாவது நான் தப்பாகப் போட்ட ஸ்பெல்லிங் பாதிக்கு மேல் உண்மை! பார்ட்டி 'பிரேக் பிடிக்கவில்லை' என்று புரிந்துகொண்டார்கள், இங்கே பிரேக் பிடித்துவிட்டு விடமாட்டேன் என்று நின்றிருக்கிறது.

ராயபுரம் டீச்சர்

அப்படியானால் மன்னிப்பு மெயில் வேண்டாம், விளக்க மெயில் போடுங்கள். இரண்டு வார்த்தையும் அதில் வரட்டும். 'ஏர் ஹோஸ் வெடித்தது, அதனால் டிரெய்லரின் பிரேக் தானாகப் பிடித்துக்கொண்டது, வண்டி நகரவில்லை.' இதில் பிரேக் பிடி பிரேக். முதலில் தலைப்பாக 'வெஹிகிள் பிரேக் டவுன்' என்று போடுங்கள், அது முறி. பெயர்ச்சொல்லாக வரும்போது பிரேக்கையும் டவுனையும் சேர்த்து ஒரே வார்த்தையாக எழுத வேண்டும். வினையாக வந்தால் பிரித்து, இறந்தகாலம் என்றால் 'புரோக் டவுன்'.

பட்டறை பாலு

மெக்கானிக் பில்லையும் ஹோஸ் போட்டோவையும் சேர்த்து அனுப்பு. போட்டோவுக்கு ஸ்பெல்லிங் கிடையாது.

கடைசிப் பெட்டி

ஹோஸ் வெடித்தபோது வண்டி வரிசையில் நின்றுகொண்டிருந்ததா, ஓடிக்கொண்டிருந்ததா என்பதையும் எழுதுங்கள். விசாரணை என்று வந்தால் முதல் கேள்வி அதுதான்.

ஜீரோகேட் குமார்

மெயில் போட்டாயிற்று. டீச்சர் சொன்னபடி, ஐயா சொன்ன நேரக் கணக்கோடு. இரண்டு மணி நேரத்தில் பதில்: வண்டியை விடுவித்துவிட்டார்கள், ஹோஸ் எல்லாம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவீர்களா என்று மட்டும் கேட்டிருக்கிறார்கள். முதலாளி மாற்றுகிறோம் என்று சொல்லச் சொன்னார். மாற்ற வைப்பது இனி என் வேலை.

இன்னொன்றும் நடந்தது. வண்டியை எடுக்க ஷெட்டுக்குப் போனபோது டிரெய்லரின் பின்பக்கத்தை முதல்முறையாக உற்றுப் பார்த்தேன். 'இடைவெளி விடவும்' என்பதற்குப் பக்கத்தில் மஞ்சள் பெயிண்டில் ஆளுயர எழுத்தில் 'ஏர் பிரேக்'. ஈ-ஏ. முறி பிரேக். ஆறு வருஷமாக இதைத் தூக்கிக்கொண்டு மணலிக்கும் ஹார்பருக்கும் போய் வந்திருக்கிறோம். பெயிண்டரைக் கையோடு கூட்டிவந்து அழித்து எழுதச் சொன்னேன். பி, ஆர், ஏ, கே வரைக்கும் வந்திருக்கிறது. கடைசி ஈ பாக்கி. பிரஷ்ஷை டர்பன்டைன் டப்பாவில் போட்டுவிட்டு ஆள் டீ பிரேக் போயிருக்கிறார்.